பனங்காடையின் றெக்கையும் மயிலின் தோகையும்: எதை எடுக்கலாம், எதை விடலாம்

மதுரைக்குப் பக்கத்தில் அரிட்டாபட்டிக்குப் போகிற சாலையோரம் ஒரு பனங்காடை செத்துக் கிடந்தது. வண்டி அடித்து அதிக நேரம் ஆகியிருக்காது. எறும்பு மொய்க்க ஆரம்பித்திருந்தது, கண் மட்டும் இன்னும் உள்வாங்கவில்லை. மின்கம்பியில் உட்கார்ந்திருக்கும்போது பழுப்பாக, யாரும் திரும்பிப் பார்க்காத மாதிரி இருக்கும் பறவை அது. ஒரு பக்க இறக்கை விரிந்து கிடந்ததால் அதன் வெளிர்நீலமும் கருநீலமும் பட்டை பட்டையாகத் தெரிந்தன. பைக்கில் பின்னால் இருந்த அண்ணன் மகள் நான் நிறுத்துவதற்குள் இறங்கிவிட்டாள். ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள்.

“சித்தப்பா, றெக்கைய மட்டும் எடுத்துக்கலாமா? காயவெச்சு ஃபிரேம் போட்டுக்கிறேன்.”

எடுக்க வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்டாள். “அதெல்லாம் கூடாதுடா” என்பதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பறவை பார்க்க ஆரம்பித்துப் பல வருஷம் ஆகிறது. எந்தெந்தக் கண்மாயில் எந்தெந்த மாதத்தில் என்ன வரும் என்று சொல்லத் தெரியும். கீழே கிடக்கும் ஓர் இறகை எடுக்கலாமா என்பதற்குப் பதில் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து சட்டத்தைப் படித்தேன். கூடவே, பதப்படுத்தும் முறைகளில் நான் முன்பு செய்து பார்த்ததையும் கெடுத்ததையும் ஒருமுறை நினைத்துப் பார்த்தேன். வழியில் இறகோ, இறக்கையோ, மண்டையோடோ, கூடோ கிடைத்தால் என்னென்ன செய்ய முடியும், எதில் என்ன சிக்கல் என்று இப்போது ஓரளவு தெளிவாகச் சொல்ல முடிகிறது.

முதலில் சட்டம். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் ‘டிராபி’ என்று ஒரு சொல் வருகிறது. நமக்கு அந்தச் சொல்லைக் கேட்டதும் புலித்தலையைச் சுவரில் மாட்டிய ஜமீன்தார்தான் நினைவுக்கு வருவார். சட்டம் அவரோடு நிற்கவில்லை. காட்டுயிரின் முழு உடலையோ அதில் ஒரு பாகத்தையோ எந்த வகையில் வைத்திருந்தாலும், பதப்படுத்தியிருந்தாலும், அது டிராபி. அதற்குள் அடங்குபவை என்று கொடுத்திருக்கும் பட்டியலில் கொம்பு, தந்தம், பல் ஆகியவற்றோடு எலும்பு, இறகு, முட்டை, கூடு எல்லாம் இருக்கின்றன. செயற்கையாகவோ இயற்கையாகவோ என்று வேறு சேர்த்திருக்கிறார்கள். வெண்காரம் (போராக்ஸ்) தடவிக் காயவைத்ததும் சரி, சித்திரை வெயிலில் தானாகக் காய்ந்து கிடந்து நாம் எடுத்து வந்ததும் சரி, இரண்டும் ஒன்றுதான்.

அடுத்து 39-ஆவது பிரிவு. செத்துக் கிடக்கும் காட்டுயிர் மாநில அரசின் சொத்து என்கிறது அது. கையில் எடுத்துவிட்டால் 48 மணி நேரத்துக்குள் பக்கத்துக் காவல் நிலையத்திலோ, அதிகாரம் பெற்ற வன அலுவலரிடமோ சொல்ல வேண்டும். கேட்டால் ஒப்படைக்க வேண்டும். தலைமை வன உயிரினக் காப்பாளரின் எழுத்துபூர்வமான அனுமதி இல்லாமல் அதை வைத்துக்கொள்ளக் கூடாது, இன்னொருவருக்குக் கொடுக்கக் கூடாது, அழிக்கவும் கூடாது. பனங்காடை விஷயத்தில் இது பளிச்சென்று பொருந்துகிறது. நாம் கொல்லவில்லை, லாரி கொன்றது என்பதெல்லாம் இங்கே பேச்சே இல்லை.

உயிரோடு பறந்துகொண்டிருக்கும் பறவை உதிர்த்த இறகு? 39-ஐ மட்டும் எழுத்துக்கூட்டிப் படித்தால் அதற்குக் கொஞ்சம் இடம் இருப்பது போலத்தான் தோன்றுகிறது. ஆனால் 57-ஆவது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. ஒருவரிடம் காட்டுயிரின் பாகம் இருந்தது என்று நிறுவப்பட்டால், மாறாக நிரூபிக்கும்வரை அது முறைகேடாக வைத்திருப்பதாகவே கருதப்படும். கீழே கிடந்துதான் எடுத்தேன் என்று நிரூபிக்க வேண்டியவர் நீங்கள். பிரேமுக்குள் இருக்கும் இறகை வைத்து இதை எப்படி நிரூபிப்பது? ஒரு மைனா இறகுக்காக யாரும் வீட்டுக் கதவைத் தட்டப் போவதில்லை என்பது என் ஊகம். ஒரு வல்லூறு இறகுக்கு அதே ஊகத்தை வைத்துக்கொண்டு தூங்க முடியுமா என்றால், என்னால் முடியாது.

ஏனென்றால் தண்டனை பறவையைப் பொறுத்து மாறுகிறது. 2022-இல் சட்டத்தைத் திருத்தினார்கள். 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. உயிரினங்களைப் பாதுகாப்பின் அளவைப் பொறுத்துப் பிரித்து வைத்திருக்கும் ஆறு அட்டவணைகள் நான்காகின. முதல் அட்டவணையில் இருக்கும் உயிரினம் சம்பந்தப்பட்டால் குறைந்தது 3 ஆண்டு, 7 ஆண்டு வரை சிறை, அபராதம் 25,000 ரூபாய்க்குக் குறையாது. பொதுவான மீறல்களுக்கு 3 ஆண்டு வரை சிறை அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். காக்கை முன்பு தீங்குயிர்ப் பட்டியலில் எலியோடும் பழந்தின்னி வௌவாலோடும் இருந்தது. அந்தப் பட்டியலே இப்போது இல்லை. “காக்கா இறகுதானே” என்ற பழைய சமாதானத்தைச் சொல்பவர்கள் இதைக் கவனிக்கவும்.

மதுரைக்காரர்களுக்கு இது வெறும் ஏட்டுச் சட்டமும் இல்லை. அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் பகுதிகளை 2022-இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவித்தார்கள். அங்கே பதிவான சுமார் 250 பறவையினங்களில் லகர் வல்லூறு, ஷாஹீன் வல்லூறு, போனெல்லி கழுகு மூன்றும் முக்கியமானவை. அந்தப் பாறைகளுக்கு அடியில் நடந்தால் இவற்றின் இறகு காலில் தட்டுப்படுவது அதிசயமே இல்லை. வல்லூறுகள் முதல் அட்டவணைக்காரர்கள். சிவகங்கைப் பக்கம் வேட்டங்குடி பறவைகள் சரணாலயம் போனீர்களானால் கதை இன்னும் இறுக்கம். சரணாலயத்துக்குள்ளிருந்து அனுமதியில்லாமல் எதையும் எடுத்து வரக் கூடாது. பறவைக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிக்காத ஊர்க்காரர்கள் இருக்கும் இடம் அது. நாரை இறகைப் பைக்குள் வைத்துக்கொண்டு அவர்கள் முன்னால் நடப்பதற்கே கூச்சமாக இருக்கும்.

இதற்கெல்லாம் ஒரு பெரிய விலக்கு உண்டு. மயில்.

மயில் முதல் அட்டவணையில் இருக்கிறது, 1963 முதல் தேசியப் பறவை. இருந்தும் அதன் வால் இறகுக்கும் அதில் செய்த பொருள்களுக்கும் கைமாற்று, வியாபாரம் ஆகியவற்றின் கட்டுப்பாடுகளிலிருந்து சட்டமே விலக்குக் கொடுத்திருக்கிறது. அறுபடை வீட்டில் திருப்பரங்குன்றம், பழமுதிர்சோலை இரண்டையும் வைத்திருக்கிற ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. காவடிக்கு இருபுறமும் செருகிய பீலி, கோயில் வாசலில் கட்டுக்கட்டாக விற்கும் தோகை, சாமி படத்துக்குப் பின்னால் ஒன்று. இவை இருக்க வழிசெய்யும் விலக்குதான் அது. ஆனால் மூன்று விஷயம்.

ஒன்று, விலக்கு வால் இறகுக்கு மட்டும். தோட்டத்தில் மயிலின் செம்பழுப்பு இறக்கை இறகு கிடைக்கும், பார்க்கவும் நன்றாக இருக்கும். அதற்கு விலக்கு இல்லை, மயிலின் கால், நகம், எலும்பு எதற்கும் இல்லை. இரண்டாவது, தோகை உதிர்ந்ததாக இருக்க வேண்டும். ஆண் மயில் இணைசேரும் காலம் முடிந்ததும் வருஷத்துக்கு ஒருமுறை தானாகவே தோகையை உதிர்த்துவிடும், அதைக் கொல்ல வேண்டிய அவசியமே இல்லை. உதிர்ந்த இறகின் காம்பு நுனி சுத்தமாக, காய்ந்து, வெள்ளையாக இருக்கும். பிடுங்கியதில் இரத்தக் கறையோ சதைத் துணுக்கோ ஒட்டியிருக்கும். நுனியை வெட்டிவிட்டு விற்கிறார்கள் என்றால் நான் வாங்க மாட்டேன். மூன்றாவது, ஏற்றுமதிக்குத் தடை. சிங்கப்பூரில் இருக்கும் அக்காவுக்குப் பெட்டியில் நாலு தோகை வைத்து அனுப்பலாம் என்று நினைக்காதீர்கள்.

சரி, மயில்தோகை கிடைத்துவிட்டது. அதை எப்படி வைத்துக்கொள்வது? சின்ன வயதில் எல்லோரும் புத்தகத்துக்குள் வைத்துப் பென்சில் சீவலைத் தீனியாகப் போட்டுக் குட்டி போடுமென்று காத்திருந்தவர்கள்தான். என் புத்தகத்தில் குட்டி போட்டது இராமபாணப் பூச்சி. இறகு கெரட்டின், அதாவது நம் நகமும் முடியும் எதனால் ஆனதோ அதே பொருள். அது தானாக அழுகாது. தின்பதற்கென்றே ஆள் இருக்கிறது என்பதுதான் பிரச்சினை. அந்துப்பூச்சியின் புழு, கம்பளி வண்டின் புழு இரண்டும் இறகின் கீற்றுகளை அடிவரை மேய்ந்துவிட்டு வெறும் ஈர்க்கை விட்டுவைக்கும்.

கழுவுவது சுலபம். வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு சொட்டு ஷாம்பு, காம்பிலிருந்து நுனி நோக்கி மட்டும் தடவ வேண்டும். அலசி, உதறி, நிழலில் தொங்கவிடுங்கள். ஈரத்தில் எலிவால் மாதிரி சுருங்கிப்போய் வயிற்றைக் கலக்கும். பயப்பட வேண்டாம், காயக் காய விரியும். கோழி இறக்கை இறகில் கீற்றுகள் பிரிந்திருந்தால் விரலால் நுனிப்பக்கம் நீவினால் ஜிப் மாதிரி மறுபடி சேர்ந்துகொள்ளும். அதில் கண்ணுக்குத் தெரியாத கொக்கிகள் இருக்கின்றன. தோகையின் ஓரக் கீற்றுகளில் அந்தக் கொக்கி கிடையாது, நீவிக்கொண்டே இருந்தாலும் சேராது. நான் முதல் தடவை அரைமணி நேரம் நீவியிருக்கிறேன்.

காய்ந்ததும் ஜிப் பைக்குள் காற்றை வெளியேற்றி மூடி, ஃபிரீசரில் இரண்டு வாரம். மைனஸ் 18 டிகிரியில் முட்டையும் புழுவும் செத்துவிடும். வெளியே எடுத்ததும் பையைத் திறக்காமல் அறைச் சூட்டுக்கு வரும்வரை விட வேண்டும், இல்லாவிட்டால் ஈரம் பூத்துவிடும். இதில் உள்ள ஒரே இடைஞ்சல் குடும்பம்தான். ஐஸ் டிரேக்குப் பக்கத்தில் இறகுப் பையைப் பார்த்த வீட்டுக்காரம்மா என்னிடம் கேட்ட கேள்விகளை இங்கே எழுத முடியாது. அந்துருண்டை போடுவது இரண்டாம்பட்சம். பூச்சி வராமல் கொஞ்ச நாள் தடுக்கும், அதன் வாடை எல்லா அறைக்கும் போகும், சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு நல்லதும் இல்லை. கண்ணாடிச் சட்டத்துக்குள் ஓரம் நன்றாக மூடி மாட்டுவது இவை எல்லாவற்றையும்விட மேல்.

நிறம் போகுமா என்று கேட்பார்கள். மயில்தோகையின் பச்சையும் நீலமும் சாயத்தால் வந்தவை இல்லை, இறகின் நுண்ணிய அமைப்பில் ஒளி பட்டுத் திரும்புவதால் தெரிபவை. அதனால் துணிச்சாயம் மாதிரி வெளுத்துப்போவதில்லை. பனங்காடையின் நீலமும் அமைப்பால் வருவதுதான், வகை மட்டும் வேறு. 1930-களில் சி.வி. ராமன் இந்தப் பனங்காடை இறகையே எடுத்து அதன் நிறம் எங்கிருந்து வருகிறது என்று ஆராய்ந்து எழுதியிருக்கிறார். அப்படிப்பட்ட இறகை ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் நீலம் காணாமல் போய்ப் பழுப்புதான் தெரியும். சாலையில் அண்ணன் மகள் அந்த இறக்கையைத் தொடாமலே குனிந்து ஒரு பக்கமும் மறுபக்கமும் பார்த்தாள். நீலம் வந்து வந்து போனது. எனக்கே அதை எடுக்கலாம் என்று ஒரு நிமிஷம் தோன்றியது உண்மை.

எடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்றும் பார்த்துவிடலாம். முழு இறக்கையைப் பதப்படுத்துவது தனி இறகு மாதிரி எளிதில்லை. தோள்மூட்டில் சதை இருக்கிறது, அதை எடுத்தாக வேண்டும். மிச்சத்தில் வெண்காரத்தை நிறையத் தூவி, அட்டையில் விரித்து, குண்டூசி குத்தி, இரண்டு மூன்று வாரம் காற்றோட்டமான இடத்தில் விட வேண்டும். வெண்காரம் கீழமாசி வீதி மாதிரி இடத்தில் நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும். படிகாரத்தைக் கொடுத்துவிடாமல் பார்த்து வாங்குங்கள், இரண்டும் வெள்ளையாகத்தான் இருக்கும். பங்குனி, சித்திரையில் செய்தால் மதுரை வெயில் பாதி வேலையைச் செய்துவிடும். நான் ஒரு சேவல் இறக்கையை ஐப்பசி மழையில் செய்தேன். நாலாம் நாள் மூட்டில் பச்சைப் பூஞ்சை. பத்தாம் நாள் அட்டையைத் தூக்கினால் அடியில் வண்டுகள் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தன. அப்புறம் அட்டையோடு தென்னை மரத்தடியில் குழி தோண்டிப் புதைத்தேன்.

மண்டையோடு வேறு ரகம். பொறுமையும் மூடியுள்ள ஒரு வாளியும் போதும். தண்ணீரில் போட்டு மொட்டைமாடி மூலையில் வைத்தால் நம் ஊர்ச் சூட்டில் சதை தானாகக் கழன்றுவிடும். வாரம் ஒருமுறை தண்ணீர் மாற்றும்போது மட்டும் பக்கத்து வீட்டார் நம்மிடம் பேச மாட்டார்கள். வேகவைப்பவர்கள் உண்டு. வேண்டாம், கொழுப்பு எலும்புக்குள் இறங்கி நாளடைவில் மஞ்சளாகிவிடும். அலகின் மேலுறை ஊறும்போது தனியே கழன்றுவரும், தண்ணீரைக் கீழே கொட்டும் முன் வடிகட்ட வேண்டும். வெள்ளையாக்க மருந்துக்கடை ஹைட்ரஜன் பெராக்சைடைத் தண்ணீர் கலந்து 3 சதவீத அளவுக்குக் குறைத்துப் பயன்படுத்தலாம். பிளீச்சிங் பவுடர் கூடவே கூடாது; அது எலும்பையே அரிக்கும்.

இத்தனையும் சொல்லும்போது எந்தப் பறவையை வைத்துச் செய்வது என்ற கேள்வி வரும். என் பதில் கோழிதான். நாட்டுக்கோழி, வான்கோழி, கூஸ் வாத்து இவையெல்லாம் வளர்ப்புப் பறவைகள், அட்டவணைக்கு வெளியே இருப்பவை. கறிக்கடையில் ஒரு நல்ல சேவலின் இறக்கையைக் கேட்டால் சிரித்துக்கொண்டே சும்மா கொடுப்பார்கள். கழுத்து இறகின் செம்பொன் நிறத்தையும் வால் இறகின் கரும்பச்சைப் பளபளப்பையும் ஒருமுறை வெயிலில் பிடித்துப் பாருங்கள். காட்டுப் பறவைக்குத்தான் அழகு என்ற எண்ணம் குறையும். கினிக்கோழியின் புள்ளி இறகும் அப்படித்தான்.

இணையத்தில் வரும் பதப்படுத்தும் வீடியோக்களைப் பார்த்து, “அங்கெல்லாம் எல்லாரும் வெச்சிருக்காங்களே” என்று அண்ணன் மகள் கேட்டாள். அங்கே என்றால் எங்கே என்பதுதான் விஷயம். அமெரிக்காக்காரர்கள் இதில் நம்மைவிடக் கறார். 1918-ஆம் ஆண்டுச் சட்டப்படி, அந்நாட்டில் இயல்பாக வாழும் பெரும்பாலான பறவைகளின் உதிர்ந்த ஒற்றை இறகைக்கூட வைத்துக்கொள்ளக் கூடாது. கழுகிறகு பூர்வகுடிகளின் சடங்குக்கு வேண்டும் என்பதற்காக, செத்த கழுகுகளைச் சேகரித்து அவர்களுக்குக் கொடுக்க அரசே கொலராடோவில் ஒரு கிடங்கு நடத்துகிறது.

இன்னொரு வழி ஒப்படைப்பது. பறவை முழுசாக இருந்தால், அதிலும் மயிலோ வல்லூறோ ஆந்தையோ என்றால், வனத்துறைக்குச் சொல்வதுதான் சரி. மயில் மின்சாரம் தாக்கிச் செத்ததா, யாராவது விஷம் வைத்தார்களா என்பது உடலைப் பார்த்தால்தான் தெரியும். நாம் தோகையை உருவிக்கொண்டு வந்துவிட்டால் தடயத்தையும் சேர்த்து உருவியதாகிவிடும். நடைமுறை எப்போதும் அவ்வளவு மிடுக்காக இருக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒருமுறை நான் போன் செய்தபோது ஒரு அலுவலகத்திலிருந்து இன்னொன்றுக்கும், அங்கிருந்து மூன்றாவதற்கும் எண் கொடுத்தார்கள். வனக்காப்பாளர் வந்து சேர்ந்தபோது நாய் ஒன்று முந்திக்கொண்டிருந்தது. இருந்தாலும் நான் அழைத்த நேரமும் எடுத்த போட்டோவும் என் போனில் இருந்தன. அந்த 48 மணி நேரக் கணக்குக்கு அதுவே எனக்குப் பாதுகாப்பு. ஒரே இடத்தில் பல பறவைகள் செத்துக் கிடந்தால் கிட்டேயே போகாதீர்கள், பறவைக் காய்ச்சலாக இருக்கலாம். கால்நடைத் துறைக்குத் தகவல் கொடுங்கள்.

கல்லூரி விலங்கியல் துறைக்கோ அருங்காட்சியகத்துக்கோ கொடுக்கலாமே என்று பலர் சொல்வார்கள். கல்விக்கும் ஆராய்ச்சிக்கும் அங்கீகாரம் பெற்ற அருங்காட்சியகச் சேகரிப்புக்கும் அனுமதி தர 12-ஆவது பிரிவில் இடம் இருக்கிறது. ஆனால் அந்த அனுமதியை வாங்க வேண்டியவர்கள் அவர்கள், அதுவும் முன்கூட்டியே. நாம் நேராகப் பையில் போட்டுக்கொண்டு போய்ப் பேராசிரியர் மேசையில் வைத்தால் அவரையும் சேர்த்து மாட்டிவிடுகிறோம். பழைய கல்லூரிகளில் கண்ணாடி அலமாரிக்குள் பஞ்சடைத்த பறவைகள் இருந்தால் அவற்றையும் தொட வேண்டாம். அந்தக் காலத்தில் பூச்சி அரிக்காமலிருக்க ஆர்செனிக் தடவுவது வழக்கம், அந்த விஷம் இன்னும் இறகில் இருக்கும்.

கூட்டைப் பற்றிச் சொல்லாவிட்டால் இது முடியாது, ஏனென்றால் நான் செய்த தப்பு அதில்தான். கிணற்றோரப் பனையில் தொங்கிய தூக்கணாங்குருவிக் கூடு ஒன்றை இருபது வயதில் அறுத்து வந்து வரவேற்பறையில் மாட்டினேன். காலிக்கூடு என்றுதான் நினைத்தேன். இன்றும் எத்தனையோ வீடுகளிலும் ஓட்டல்களிலும் அது விளக்குக்கு மூடியாகத் தொங்குகிறது. கூட்டையோ முட்டையையோ கலைப்பது சட்டத்தில் வேட்டை என்ற சொல்லுக்குள்ளேயே வருகிறது. அது ஒரு பக்கம் இருக்கட்டும். காலியாகத் தெரியும் கூடு பல சமயம் காலியே இல்லை. தூக்கணாங்குருவி விட்டுப்போன கூட்டில் சில்லைகள் என்ற சிறு குருவிகள் குடியேறும். நான் அறுத்தது எந்தச் சில்லையின் வீடோ.

மிச்சமிருப்பது போட்டோ. கேட்கும்போது ஆறுதல் பரிசு மாதிரி இருக்கும். சரியாகச் செய்தால் இருப்பதில் உருப்படியான வழி இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. இறகின் மேல்பக்கம் ஒன்று, அடிப்பக்கம் ஒன்று, பக்கத்தில் ஒரு ஸ்கேல், இடமும் தேதியும். ஸ்கேல் இல்லையென்றால் ஐந்து ரூபாய் நாணயம். உயிரினப் படங்களைப் பகிரும் ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் ஏற்றினால் பறவையை அடையாளம் காட்ட ஆள் இருக்கிறார்கள். இந்தியப் பறவைகளின் இறகுகளை வரிசைப்படுத்திப் படமாகத் தொகுக்கும் ‘ஃபெதர் லைப்ரரி’ என்ற தளம் 2021-இல் தொடங்கியது. நாம் எடுத்ததை அதோடு ஒப்பிட்டு, இது இறக்கையின் எத்தனையாவது இறகு என்றுகூடக் கண்டுபிடிக்கலாம். பிரேமுக்குள் இருக்கும் இறகு இவ்வளவு சொல்லாது.

அன்று பனங்காடையைப் படமெடுத்தோம். இன்னொரு வண்டி ஏறிவிடாமல் குச்சியால் சாலையை விட்டு ஓரமாகத் தள்ளி, கருவேலஞ்செடி அடியில் விட்டோம். மறுவாரம் அந்தப் பக்கம் போனபோது ஒரே ஒரு நீல இறகு மட்டும் முள்ளில் சிக்கியிருந்தது. அவள் ஒரு நிமிஷம் நின்று பார்த்துவிட்டு வண்டியில் ஏறிக்கொண்டாள்.

சேவல் இறக்கை ஒன்றை இப்போது வெண்காரத்தோடு அட்டையில் குத்தி பீரோ மேல் வைத்திருக்கிறாள். பூனைக்கு எட்டாத உயரம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம்.